சனி முதல் வியாழன் வரை

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. வெங்காயம் வேகும் வாடையைப் பிடித்துக்கொண்டே வந்தால் நெரெய்தாவின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். சந்தியாகோ நகரத்தின் வடக்கே, லோஸ் சிருவெலித்தோஸ் மேட்டில், எதிரெதிராக எங்கள் இரண்டு வீடுகள். என் பெயர் ஃபெர்மின். பழைய வேன் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறேன். பதினெட்டு வருஷமாக அந்த வாடையோடுதான் என் வெள்ளிக்கிழமைக் காபி.

நெரெய்தா வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்திருந்தாள். புருஷன் நியூயார்க்கில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஃபோன் வரும், ஆள் வரவில்லை. அவன் தங்கை யுதெல்காதான் அவளுக்குத் துணையாக அந்த வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பின்கட்டில் கறிக் குழம்பு வைக்கிற பெரிய சட்டியை ஏற்றுவார்கள். வெங்காயத்தை வேகவைத்து வடித்த தண்ணீர், ரோஸ்மேரித் தழை, விளக்கெண்ணெய், வெண்ணெய்ப்பழத்தின் எண்ணெய். மழைக்காலத்தில் தகரத்துக்குக் கீழே புகை தங்கிக் கண் எரியும். நெரெய்தா மரத்துடுப்பால் விடாமல் கிண்டுவாள். கெட்டியானதும் எடுத்து மூடி, கட்டிலுக்கு அடியில் ஒரு வாரம் வைத்திருப்பாள். அந்த வாரம் கழித்து முதலில் தன் தலையில் போட்டுப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் தலை.

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. முடி இடுப்பைத் தாண்டி விழும். பார்லருக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அவள் வாசலில் நின்று முடியைக் காயவைத்தாலே போதும்.

அந்த க்ரீமை டப்பாவில் அடைத்து விற்கலாம் என்று கண்டுபிடித்தவள் யுதெல்கா. பதினாலு வருஷம் தையல் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்து வந்துவிட்டாள். லேபிளில் அண்ணியின் படத்தையே போட்டாள்.

அந்த டப்பா வந்த சனிக்கிழமை பார்லரில் ஒரே அமர்க்களம். தலை நிறைய ரோலரோடு டிரையருக்குக் கீழே உட்கார்ந்திருந்த லாட்டரிச் சீட்டு விற்கும் சுனில்தா, மரியாதைக்கு டோன்யா சுனில்தா என்போம், டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடி நெரெய்தா, டப்பாவுல உன் மூஞ்சி. இனிமே உன் புருஷன் கடையில இதை வாங்கிப் பாத்தாத்தான் உன்னை அடையாளம் கண்டுபிடிப்பான்போல.”

“அவன் எங்க வாங்கப்போறான்? அவன் தலையில ஒண்ணுமே கிடையாது. வெளியவும் சரி, உள்ளவும் சரி.”

“ஐயோ அண்ணி, என் முன்னால என் அண்ணனைத் திட்டுறீங்களே” என்றாள் யுதெல்கா.

“உன் முன்னால திட்டினாத்தானே அவன் காதுக்குப் போகும்.”

இப்படித்தான் இருந்தது. மாசம் எண்ணூறு டப்பா. பக்கத்து ஊர் லா வேகா, மோக்கா வரைக்கும் பார்லர்களுக்கு நான்தான் கொண்டுபோய்ப் போடுவேன்.

பிறகு யுதெல்காவுக்குத் தலைநகரில் ஒரு பயிற்சியில் இடம் கிடைத்தது. சின்னத் தொழில் நடத்துகிறவர்களைப் பெரிதாக்கும் பயிற்சி, மூன்று மாசம். வாரம் இரண்டு நாள் போய் வந்தாள். முதல் வாரம் முடிந்து வந்த சாயங்காலம், பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். நானும் இருந்தேன்.

“பயிற்சி குடுக்கிறவரு எவ்வளவு விக்கிறீங்கன்னு கேட்டாரு அண்ணி. மாசம் எண்ணூறுன்னு சொன்னேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன். அவரு சிரிக்கக்கூட இல்ல. நீங்க உங்க சட்டி அளவுக்குத்தான் யோசிக்கிறீங்க, சட்டியை மறந்துடுங்க, இந்த நாட்டுல எத்தனை தலை இருக்குன்னு யோசிங்கன்னாரு.”

“எத்தனை தலை இருக்காம்?”

“அம்பது லட்சம் பொம்பளைங்க தலை.”

நெரெய்தா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “அத்தனை தலையையும் நான் எப்படித் தொட்டுப் பாக்குறது?”

“நீங்க தொடவேண்டாம் அண்ணி. அதுதான் விஷயமே.”

“தொடாம எப்படி?”

“பெரிய கம்பெனிக்காரன் ஒவ்வொரு தலையையும் தொட்டா பாக்குறான்? அண்ணி, நான் பதினாலு வருஷம் ஜிப் மட்டும் தைச்சேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு ஜிப். ஒரு முழு பேண்ட் நான் தைச்சதில்ல. இந்தத் தெருவுல என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு தைச்சுக்கிட்டிருக்காங்க. பதினாலு பேருக்காவது வேலை குடுக்கிற மாதிரி ஒரு இடம் போடணும். வெளிச்சமா, ஃபேன் வச்சு. நான் கணக்குப்போட்டு வச்சிருக்கேன் யாராருன்னு.”

“யாராரு?”

விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். என் மகள் பெயரும் அதில் இருந்தது. அதனால் நானும் தலையாட்டினேன். அந்தப் பயிற்சிக்காரர் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். பெரிதாக யோசிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களில் யாரும் அப்படி யோசித்ததில்லை என்பதுதான் எங்கள் கஷ்டமே.

பயிற்சி முடிவதற்குள் தலைநகரில் பன்னிரண்டு கிளை வைத்திருக்கிற ஒரு கடையின் ஆட்கள் ஐயாயிரம் டப்பா கேட்டார்கள். அதைப் பார்த்து, பணம் போடும் ஆட்கள் இரண்டு பேர் யுதெல்காவைச் சந்திக்கிறோம் என்றார்கள். வியாழக்கிழமை சந்திப்பு. அதற்கு முன் அலமாரியில் டப்பா இருக்க வேண்டும்.

கறிச் சட்டியில் ஐயாயிரம் டப்பா எப்படி வரும்? ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் பெரிய எஃகு அண்டாக்களை வாடகைக்கு எடுத்தாள். அவர்கள் பலருக்கும் பல சாமான் கலக்கிக் கொடுப்பவர்கள். நெரெய்தா எழுதிக் கொடுத்த பக்குவத்தை அப்படியே பெரிய அளவில் கலக்கினார்கள். சந்திப்புக்கு முந்தின வார வியாழக்கிழமை சாயங்காலம் முதலில் நிரப்பிய டப்பாக்களில் ஆறு வீட்டுக்கு வந்தன.

நெரெய்தா மூடியைத் திறந்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

“இதுல மருந்து வாடை அடிக்குது.”

“என்ன மருந்து?”

“முடியை நேராக்குற மருந்து. அந்த வாடை என் மூக்குல இருபது வருஷமா இருக்கு, எனக்குத் தெரியாதா?”

“அண்ணி, இந்த ரூம்லயே அந்த வாடைதான். நேத்து ரெண்டு பேருக்கு நேராக்கி விட்டீங்களே.”

நெரெய்தா காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கழுவினாள்.

“சுருசுருங்குது. ரெண்டு நாள் நிறுத்து யுதெல்கா. ஒரு வாரம்கூடக் கேக்கல. ரெண்டு நாள்.”

“நாளைக்கு லோடு போகணும். திங்கட்கிழமை அலமாரில இருக்கணும்.”

“தலைக்குப் போடுறது இது.”

“நீங்க போன வாரம் சாயம் போட்டீங்க. அதான் சுருசுருங்குது. பட்டறைக்காரன் பேப்பர் குடுத்திருக்கான், எல்லாம் சரியா இருக்குன்னு. ஃபெர்மின் அண்ணே, நீங்களே சொல்லுங்க, சாயம் போட்டா எரியுமா எரியாதா?”

எனக்கு முடியைப் பற்றி என்ன தெரியும்? “எரியலாம்” என்றேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. மறுநாள் என் வேனில் இரண்டு நடையாக ஐயாயிரம் டப்பாவும் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை பார்லரில் கூட்டம். புது டப்பாவைப் போட்டுவிடச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். “பொறுங்க, முதல்ல எனக்கு” என்று சொல்லிவிட்டு நெரெய்தா முடி முழுவதிலும் அள்ளிப் பூசி, பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டாள். ஏன் போட்டாய் என்று பிற்பாடு நான் கேட்டேன். “சாயம்தான்னு அவ சொன்னாளே. அவ சொன்னதை நான் நம்பலேன்னா வேற யாரு நம்புவா?” என்றாள்.

இருபது நிமிஷத்தில் கழுவ வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை. வாளித் தண்ணீர் கொண்டுவர ஐந்து நிமிஷம். அதற்குள் எரிச்சல் தாங்காமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். டோன்யா சுனில்தாதான் குவளையால் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் வாளியோடு வாசலில் நின்றேன். தொட்டியில் முடி பாசி மாதிரிக் கொத்தாக மிதந்துகொண்டிருந்தது. சுனில்தாவின் விரல்களிலும் முடி சுற்றியிருந்தது. அவள் கையை உதறவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெரெய்தா தலையைத் தூக்காமல் கேட்டாள். “எவ்வளவு?”

சுனில்தா என்னைப் பார்த்தாள்.

“சுனில்தா, எவ்வளவுன்னு கேட்டேன்.”

“நிறைய” என்றாள் சுனில்தா.

யுதெல்கா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். வந்திருந்த பெண்களை அனுப்பிவிட்டு, பூசணி இலையை அரைத்து நெரெய்தாவின் மண்டையில் வைத்துத் துணி சுற்றினார்கள். நெரெய்தா அழவில்லை. “அந்த அண்டாவுல எவனோ நேராக்குற மருந்து கலக்கிட்டுச் சரியாக் கழுவாம விட்டிருக்கான். கடைக்குச் சொல்லு. இப்பவே சொல்லு. அலமாரிக்குப் போகக் கூடாது.”

“சொல்றேன் அண்ணி.”

ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது இன்றைக்கு விடுமுறை என்றாள். திங்கட்கிழமை கேட்டபோது சொல்லியாகிவிட்டது என்றாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மழை. பார்லர் மூடிக் கிடந்தது. நெரெய்தா தலையில் துணியோடு எலுமிச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாள். யுதெல்கா அவளுக்கு வாழைக்காயை மசித்து, முட்டை பொரித்து, ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பணிவிடையை நான் யாரும் செய்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் யுதெல்காவைத் தலைநகருக்கு ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல சட்டை, நல்ல செருப்பு, மடியில் காகிதக் கட்டு. லா வேகா தாண்டியதும் சொன்னாள்.

“ஃபெர்மின் அண்ணே, நான் கடைக்கு இன்னும் சொல்லல.”

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கு மீட்டிங் முடிஞ்சதும் சொல்லிடுவேன். முன்னாடியே சொன்னா அவங்க காதுக்குப் போயிடும். எல்லாம் போயிடும். ஒரு நாலு நாள்தானே. எல்லா டப்பாவுமா கெட்டிருக்கும்? முதல் டப்பா கொஞ்சம்தான் கெட்டிருக்கும். அதை யாரு வாங்கினா, போட்டாங்களோ இல்லையோ.”

வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம். ஓரங்கட்டவில்லை. பாதி வழியில், போனாவோவில் நிறுத்தி இரண்டு பேரும் காபி குடித்தோம்.

சந்திப்பு ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். “சரின்னுட்டாங்க” என்றாள். “நாலு வாரத்துல கையெழுத்து.” வாங்கிய வரத்தைச் சொல்லும் முகம் இல்லை அது. பிறகு ஃபோனை எடுத்துக் கடைக்குப் பேசினாள். லேபிளில் அச்சுப் பிழை, எல்லா டப்பாவையும் எடுத்துவிடுங்கள் என்றாள்.

எடுத்துவிட்டார்கள். அதற்குள் நாற்பத்து மூன்று டப்பா விற்றிருந்தது. நாற்பத்திரண்டு தலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கடைப் பெண் ஒருத்தி ஒரு ஃபோன் நம்பரை அனுப்பினாள். தலைநகரிலேயே லோஸ் மீனா பகுதியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாராம், புகார் சொல்ல இல்லை, கொட்டின முடி வளர மருந்து இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தாராம். மகளுக்குப் பதினாலு வயது, இரண்டு மாசத்தில் பதினஞ்சு வயசுக் கொண்டாட்டம், எங்கள் நாட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை யுதெல்காவும் நானும் போனோம். ஓசாமா ஆற்றைப் பார்த்து இறங்கும் தெருவில் தகரக் கூரை போட்ட வீடு. அந்த அம்மா பெயர் தெயனிரா. ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி முழுக்கத் தரை துடைக்கிற வேலை. எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கம்பெனியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று அவளுக்குக் கூச்சம். மகள் லிஸ்பெத் சட்டையின் தொப்பியைத் தலைக்கு இழுத்து விட்டபடி சுவரோரம் நின்றாள்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க” என்றாள் தெயனிரா. “நான்தான். டப்பாவுல இருபது நிமிஷம்னு போட்டிருக்கு, நானே படிச்சேன். புதன்கிழமை வேலை முடிஞ்சு வந்து, இவளுக்குப் போட்டு விட்டு, சும்மா அந்தக் கட்டில்ல சாஞ்சேன். கண்ணு முழிச்சுப் பாத்தா ஒண்ணரை மணி நேரம் ஆயிருந்துது. இவ என்னை எழுப்பல. பாவம், அம்மா தூங்கட்டும்னு எரிச்சலைப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கா. பெத்தவ நான் தூங்கிட்டேன்.”

யுதெல்கா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன், திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிறகு, “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று கேட்டாள்.

“காட்டினேன். வளரும்ங்கறாரு. கொண்டாட்டத்துக்குள்ள வளராது.”

“நான் ஒரு விக் வாங்கித் தரேன். நல்லதா, நிஜ முடியில. தலைப்புண்ணு ஆறினதும் வச்சுக்கலாம்.”

தெயனிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். கடவுள் உங்கள் தொழிலை இன்னும் பெருக்கட்டும் என்றாள். எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று சோறும் அவரையும் கோழியும் போட்டாள். நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். பசி இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் சாப்பிட்டேன்.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். வீட்டில் நெரெய்தா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

“போய்ப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“சொன்னியா?”

“அந்தம்மா தான் தூங்கிட்டதுனாலதான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க அண்ணி. நான் என்ன சொல்ல?”

“இல்லைன்னு சொல்றது.”

“சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. கையெழுத்து நிக்கும். பதினாலு பேரு...”

“பதினாலு பேரை என்கிட்ட எண்ணாத” என்றாள் நெரெய்தா. குரல் ஏறவே இல்லை. “அவங்க எப்ப வாங்கினாங்க?”

“செவ்வாய்க்கிழமை.”

நெரெய்தா உரித்துக்கொண்டிருந்த தோலைக் கீழே போட்டாள். திங்கட்கிழமையே சொல்லியாகிவிட்டது என்று யுதெல்கா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் உப்பு, தண்ணீர், சாவி என்று வேலைக்கான வார்த்தைகள் மட்டும்தான் பேசினார்கள்.

மூன்று வாரம் போனது. விக் போய்ச் சேர்ந்தது. யுதெல்கா புதிய இடம் பார்த்தாள், மிஷின் விலை விசாரித்தாள், இளைத்துக்கொண்டே போனாள். கையெழுத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்த ஒரு காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்று, ஃபோனை என் காதருகே பிடித்தாள். லிஸ்பெத் பேசி அனுப்பியிருந்தாள். சின்னக் குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

“டோன்யா யுதெல்கா, விக் நல்லா இருக்கு, ரொம்ப நன்றி. ஒண்ணு கேக்கலாமா? அம்மா வேலைக்குப் போய்ட்டு வந்து இப்பல்லாம் தூங்குறதே இல்ல. நாற்காலியில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க. படுங்கம்மான்னா, படுத்துத்தானே இப்படி ஆச்சுங்கறாங்க. போன வாரம் ஆஸ்பத்திரியில மயங்கி விழுந்துட்டாங்க. நான் சொன்னா கேக்கமாட்டேங்கறாங்க. நீங்க முடி பத்தித் தெரிஞ்சவங்க. அம்மா தூங்கினதுனால இல்லைன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன். நிஜமா இல்லாட்டியும் பரவாயில்ல. நீங்க சொன்னா நம்புவாங்க.”

யுதெல்கா ஃபோனை மடித்த கைக்குள் வைத்துக்கொண்டாள். “நிஜமா இல்லாட்டியும் பரவாயில்லையாம்” என்றாள். அவள் காலடியில் சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நகரவில்லை. “நாளைக்கு வண்டி காலியா அண்ணே?”

“காலிதான்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வண்டியை எடுத்தபோது நெரெய்தாவும் கதவைத் திறந்து ஏறினாள். யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வழியிலேயே யுதெல்கா பணம் போடுகிறவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நடந்ததைப் பேசி அனுப்பினாள். எந்தக் கிழமை தனக்குத் தெரிந்தது, எந்தக் கிழமை தான் சொன்னது என்று கிழமை கிழமையாகச் சொன்னாள். போனாவோ வருவதற்குள் ஒரு பதில் வந்தது. கையெழுத்தைத் தள்ளிவைக்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். தள்ளிவைத்தது தள்ளிவைத்ததுதான், பிறகு வரவில்லை. கடைக்காரர்களும் போனார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் மறுபடி தையல் கம்பெனிக்குப் போய் ஜிப் தைத்தாள். இப்போது சொந்தமாக ஓர் அண்டா வாங்கி ஆறு பெண்களோடு திரும்பத் தொடங்கியிருக்கிறாள். நியூயார்க் வரை அனுப்ப வேண்டும் என்கிற பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம். ஆனால் யாராவது நல்ல சேதி சொல்ல வந்தால் இப்போதெல்லாம் முதலில் அவள் முகம் வெளுத்துவிட்டுத்தான் சிரிக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெயனிரா வேலையிலிருந்து வந்து சீருடைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் காபி போட்டு, நான்கு கோப்பையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். லிஸ்பெத் யுதெல்காவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள்.

“நீங்க தூங்கினதுனால இல்ல” என்றாள் யுதெல்கா.

தெயனிரா மகளைத் திரும்பிப் பார்த்தாள். “இவ சொல்லச் சொன்னாளா?”

“இவ கேட்டா. ஆனா நான் இவளுக்காகச் சொல்லல. க்ரீம் கெட்டது. அண்டாவுல வேற மருந்து இருந்திருக்கு, முடியைத் தின்னுற மருந்து. எனக்குத் தெரியும். போன தடவை இங்க உக்காந்து உங்க சோத்தைச் சாப்பிட்டப்பவும் தெரியும்.”

வெளியே யாரோ பழ வண்டியைத் தள்ளிக்கொண்டு அன்னாசி, பப்பாளி என்று கூவிப் போனார்கள். தெயனிரா அந்தக் குரல் போன பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“எப்பத் தெரியும்?”

“அதுக்கு முந்தின சனிக்கிழமை.”

“நான் செவ்வாய்க்கிழமை வாங்கினேன்.”

“ஆமா.”

தெயனிரா காபித் தட்டை எடுத்தாள். ஒருவரும் ஒரு வாய் குடித்திருக்கவில்லை. நான்கு கோப்பையையும் அப்படியே உள்ளே கொண்டுபோனாள். தொட்டியில் காபியை ஊற்றும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கேட்டது. யுதெல்கா ஒவ்வொன்றுக்கும் அடிவாங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் என் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுக்களை வாசலில் நின்றுகொண்டு தெயனிரா கேட்டாள். யுதெல்காவை இல்லை, நெரெய்தாவை. இவள் யாரென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, டப்பாவிலிருந்த முகம் என்று தெரிந்ததோ என்னவோ. “நான் முழிச்சிருந்து, இருபது நிமிஷத்துல கழுவியிருந்தா?”

நெரெய்தா தலைத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். காதோரத்திலும் பிடரியிலும் அங்கங்கே விரல் நுனி அளவு நரைமுடி முளைத்திருந்தது. நடு மண்டை பளபளவென்று சிவப்பாக இருந்தது. லிஸ்பெத் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

“நான் இருபத்தஞ்சு நிமிஷத்துல கழுவினேன்” என்றாள் நெரெய்தா. “முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இருபது வருஷமா இதே தொழில் பண்றவ நான்.”

தெயனிரா வெகுநேரம் அந்தத் தலையைப் பார்த்தாள். கையை நீட்டி, தொடாமல், திரும்ப எடுத்துக்கொண்டாள். “மூணு வாரமா என் பிள்ளை முகத்தை என்னால நேராப் பாக்க முடியல” என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு உள்ளறைக்குப் போனாள். கட்டில் கிறீச்சென்றது.

என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், போ என்றால் போகலாம். அவள் இரண்டும் செய்யாமல் போய்விட்டாள். நெரெய்தா துணியை மறுபடி கட்டிக்கொண்டாள். யுதெல்கா உள்ளறைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாத மாதிரி. வெயில் ஏறித் தகரம் படபடத்தது.

கொஞ்ச நேரம் கழித்து லிஸ்பெத் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து உதட்டில் விரலை வைத்தாள்.

“தூங்கிட்டாங்க” என்றாள். “செருப்பைக்கூடக் கழட்டல.”

நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம். யுதெல்கா எதையோ சொல்லப் போனாள். லிஸ்பெத் தலையை ஆட்டி வாசலைக் காட்டினாள். கோபமாகக் காட்டவில்லை, அம்மா எழுந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கு.

என் வேன் கிளம்பும்போது மூன்று வீட்டுக்குக் கேட்கும். அதனால் நான் இன்ஜினைப் போடவில்லை. பிரேக்கை மட்டும் விடுவித்தேன். வண்டி முதலில் அசையவில்லை. பின்னாலிருந்து நெரெய்தா ஒரு பக்கமும் யுதெல்கா ஒரு பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஆற்றுப் பக்கம் இறங்கும் சரிவில் அது மெல்ல உருளத் தொடங்கியது. இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்கள். தெரு முனை திரும்பி, இன்னும் நான்கு வீடு தாண்டிய பிறகுதான் சாவியைத் திருகினேன்.